திரும்பத் திரும்பக் கேட்க மூன்று கசெட்டுகள்

நம் வகுப்புக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போன கிழமை ஒருவர் கேட்டிருந்தார்: எத்தனை தரம் கேட்டாலும் அலுக்காத இசைத் தொகுப்புகள் எவை, ஆளுக்கு மூன்று சொல்லுங்கள் என்று. நீங்களும் அள்ளிக் கொட்டிவிட்டீர்கள். அதில் பாதியை நீங்கள் இரண்டாம் தரம் கேட்டிருக்கவே மாட்டீர்கள் என்று நான் அடித்துச் சொல்வேன். கோபிக்க வேண்டாம். திரும்பத் திரும்பக் கேட்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். மூன்றே மூன்று கசெட்டோடு ஒரு வீட்டுக்குள் பல மாதம் இருந்தவள் நான். ஆகையால் என் பட்டியலையும் கேளுங்கள். கடையில் தேட வேண்டாம், கிடைக்காது.

எழுபத்தெட்டுச் சூறாவளி அடித்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. ஒன்பதாம் வகுப்பு முடிகிற நேரம் நான் பெரிய பிள்ளையானேன். கல்முனைக்குடியில் அன்றைக்கு அதற்கு அர்த்தம், புத்தகப் பையை ஆணியில் மாட்டுவதுதான். உங்களில் சிலருக்கும் அப்படித்தான் நடந்தது. பஸாரில் பிடவைக் கடை வைத்திருந்த வாப்பா ஒரே வசனத்தில் முடித்துவிட்டார். “குமரான புள்ளைக்கி இனி என்ன ஸ்கூல்?” நான் அழவில்லை. அழுதால் உம்மா இனிப்பு ஏதாவது செய்து தருவா, அதோடு கதை முடிந்துவிடும். அடுத்த வருடம் ஓ.எல். சோதனை எழுதியே தீருவது என்று மனதுக்குள் எடுத்த முடிவை யாரிடமும் சொல்லவில்லை, ஒருத்தியைத் தவிர.

அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் கசெட் போடும் செட்.

எனக்கு மூத்தவள், ராத்தாவைக் கட்டிய மச்சான் எங்கள் பக்க வழக்கப்படி எங்கள் வீட்டுக்கே வந்தார். வந்து ஐந்தாம் மாதம் சவூதிக்குப் போனார். முதல் லீவில் அவர் கொண்டுவந்தது அந்தக் கசெட் ரெக்கோடர். ஹோலில் ஒரு மேசையில், பூப்போட்ட துணி மூடி, வீட்டுக்கு வந்த இன்னொரு மாப்பிள்ளையைப் போல அது இருந்தது. எங்கள் ஒழுங்கைக்குக் கரண்ட் வரவில்லை. நாலு பெரிய பெற்றரியில் ஓடும். பெற்றரி தளர்ந்தால் பாடகரின் குரல் இழுபட்டு, சாகக் கிடப்பவர் பாடுவதுபோல் ஆகிவிடும். உடனே கழற்றி ஓட்டின் மேல் வெயிலில் வைப்போம், இன்னும் இரண்டு நாள் தாக்குப்பிடிக்கும். அதனால் எனக்கொரு பழக்கம் வந்தது. கேட்க வேண்டியது முடிந்த அந்த நொடியிலேயே நிறுத்துகிற பட்டனை அமத்திவிடுவேன். ஒரு விநாடியும் வீணாக ஓடவிடமாட்டேன்.

செட் பாட்டுக்காக வந்ததல்ல. உம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, வாப்பாவுக்கு எழுதப் பஞ்சி, சோம்பல். மச்சான் கடிதத்துக்குப் பதிலாக கசெட்டில் கதைத்து, ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, சோறு தின்று, வளவில் உள்ள எல்லோரும் எங்கள் ஹோலில் கூட வேண்டும். வாப்பா சாய்மனைக் கதிரையில், மாமாமார் நீள வாங்கில், பொம்பிளைகள் குசினிக் கதவடியில். ராத்தா மட்டும் அறைக்குள், கதவை ஒரு விரற்கடை திறந்து வைத்துக்கொண்டு இருப்பாள். பதினாலு பேர் நடுவில் ஒரு மனிதர் பெண்சாதிக்கு என்னத்தைச் சொல்ல முடியும்? அதனால் கதை முடிந்த பிறகு கடைசியில் இரண்டு பாட்டைப் பதிந்துவிடுவார். பாட்டுத் தொடங்கினால் ஆம்பிளைகள் எழும்பிப் போய்விடுவார்கள். அந்த இரண்டும் ராத்தாவுக்கு.

ஒரே ஒரு தரம்தான் போடுவது. பிறகு அதே கசெட்டின் மேலேயே எங்கள் பதிலைப் பதிந்து, அடுத்தபடி போகிறவர் கையில் கொடுத்துவிடுவோம். கேட்டதை இன்னொரு தரம் கேட்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. “அதான் கேட்டாச்சே” என்பார் வாப்பா.

இனி என் பட்டியல். முதலாவது, தென்னிந்தியப் பாடகர் ஒருவரின் இஸ்லாமிய கீதங்கள். நோன்பு மாதத்திலும் போடலாம் என்பதால் அதற்கு எங்கள் வீட்டில் தனி மரியாதை. முதல் பத்துத் தரமும் உங்களுக்குப் பாடகர்தான் கேட்பார். அவர் அலுத்துப்போன பிறகுதான் தபேலாக்காரர் வருவார். அவரும் அலுத்த பிறகு, மூன்றாம் பாட்டின் நடுவில் யாரோ மெதுவாக இருமுவது கேட்கும். இருமியவர் ஆர்மோனியக்காரர் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. இருமலுக்கு அடுத்த இடத்தில் ஆர்மோனியம் ஒரு சொட்டுப் பிந்தி வரும். அந்த மனிதருக்குச் சுகமில்லாத நாளில் கூட்டிவந்து வாசிக்க வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு அந்தப் பாட்டை அவருக்காகத்தான் கேட்டேன்.

இரண்டாவது, சினிமாப் பாட்டுகள். கல்முனையில் ஒரு ரெக்கோடிங் பார் இருந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். துண்டில் பாட்டுகளை எழுதிக் கொடுத்தால் இசைத்தட்டிலிருந்து கசெட்டில் பதிந்து தருவார்கள். ராத்தா எழுதிக் கொடுத்த பதினொரு பாட்டு. நாலாம் பாட்டில் ஊசி துள்ளி ஒரு சொல் இரண்டு தரம் வரும். இன்றைக்கும் நான் குசினியில் அந்தப் பாட்டைப் பாடினால் அந்தச் சொல்லை இரண்டு தரம் பாடித்தான் போவேன், பேரப்பிள்ளைகள் சிரிக்கும். கடைசிப் பாட்டு முடிவதற்குள் நாடா முடிந்துவிட்டது. பல வருடத்துக்குப் பிறகு ஒரு பஸ்ஸில் அந்தப் பாட்டு முழுதாக ஓடியபோது, தேவையில்லாத வால் ஒன்றை ஒட்டியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

மூன்றாவதுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். அதில் பாட்டு ஒன்றே ஒன்றுதான்.

என்னோடு ஒரே வாங்கில் இருந்தாளே, பாண்டிருப்புத் தமிழ்ப் பிள்ளை, இந்தக் குழுவில் இல்லாதவள், அவளைத்தான் சொல்கிறேன். அவளுடைய அண்ணன் அந்த ரெக்கோடிங் பாரில் வேலை செய்தார். வியாழக்கிழமைகளில் பள்ளிக்கூடம் விட்டுப் போகிற வழியில் என்னைப் பார்க்க வருவாள். உம்மாவுக்கும் அவளில் விருப்பம், தேத்தண்ணியும் பிஸ்கட்டும் கொடுப்பா. சோதனை எழுதப் போகிறேன் என்று நான் சொன்ன ஒரே ஆள் அவள்தான்.

“பாடக் கொப்பியைத் தந்திட்டுப் போ, நான் பாத்து எழுதிட்டுத் தாறன்,” என்றேன்.

“எனக்கும் நாளைக்குக் கொப்பி வேணுமே. பொத்தகம் கொண்டு வந்தா உங்கட வாப்பா என்ன ஏதெண்டு கேப்பார். கசெட் கொண்டு வந்தா ஆரும் கேப்பாங்களா உங்கட வீட்டில?” என்றாள் அவள்.

ஒருவரும் கேட்கவில்லை. மத்தியானம் அண்ணன் வேலை செய்த கடையில் ஆள் குறைந்த நேரத்தில், பின்பக்க அறையில் இருந்து அவள் தன் கொப்பியைச் சத்தமாக வாசித்துப் பதிந்துகொண்டு வருவாள். தொடக்கத்தில் ஒரு இஸ்லாமிய கீதம் இருக்கும். வெளியே பச்சை அட்டை, அதில் ‘கீதங்கள்’ என்று அண்ணனின் வடிவான எழுத்து. யாராவது போட்டுப் பார்த்தால் பாட்டுத்தான் வரும். பாட்டு முடிந்தால், “என்னகா, கேக்குதா? இண்டைக்கு விஞ்ஞானம். ஒளித்தொகுப்பு. கொப்பியை எடு” என்று அவள் வந்துவிடுவாள். முடிவில் “அவ்வளவுதான்” என்பாள். நான் பட்டனை அமத்துவேன். கேட்டு எழுதி முடித்ததும் கசெட் அவளிடம் திரும்பப் போகும், அதே பக்கத்தில் புதுப் பாடம் ஏறி வரும்.

சோதனை விண்ணப்பப் போமையும் அவள்தான் கொண்டுவந்து தந்தாள். வாப்பாவின் கையெழுத்து இல்லாமல் அதிபர் எடுக்கமாட்டார்.

“உன்ட போம்?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் கிடக்கு. நீ முதல்ல இதைக் குடு,” என்றாள்.

வாப்பாவிடம் கொடுத்தேன். வாசித்தார், நாலாக மடித்தார், சட்டைப் பையில் வைத்தார். “பாப்பம்” என்றார். வாப்பாவின் ‘பாப்பம்’ உங்களுக்குத் தெரியாது. அந்தச் சொல்லுக்குள் போன எதுவும் திரும்பி வந்ததாக எங்கள் வீட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லை. நான் விடவில்லை. காலையில் தேத்தண்ணி கொடுக்கும்போது கேட்பேன், கடைக்குப் போகச் செருப்பு மாட்டும்போது கேட்பேன். ஒவ்வொரு நாளும் ‘பாப்பம்’. கடைசித் திகதி இரண்டு மாதம் தள்ளி இருந்தது. நாளும் கேட்டால் மனுஷன் ஒருநாள் வாய் தவறியாவது ‘சரி’ என்று சொல்லமாட்டாரா என்பதுதான் என் திட்டம்.

அந்த மாதத்தில்தான் அது நடந்தது. பக்கத்து ஒழுங்கைக்காரர் ஒருவர் லீவு முடிந்து சவூதிக்குத் திரும்புகிறார். வாசலில் வேன் ஹோன் அடிக்கிறது. மச்சானுக்கு வாப்பாவும் உம்மாவும் கதைத்துப் பதிந்த கசெட்டைக் கொடுத்துவிட வேண்டும். உம்மா ஓடிவந்து மேசையிலிருந்து பச்சை அட்டைக் கசெட்டை எடுத்து, மாசிக் கருவாடும் கொண்டைப் பலகாரமும் இருந்த பொதிக்குள் செருகிக் கொடுத்தா. எங்கள் வீட்டுக் கசெட் எல்லாமே, மச்சானிடம் போய் வருவதும்கூட, அந்த ரெக்கோடிங் பாரில் வாங்கியவை, எல்லாவற்றுக்கும் பச்சை அட்டை. அன்று பின்னேரம் பாடம் கேட்கவென்று நான் மேசையில் கிடந்த மற்றதைப் போட்டேன். வாப்பாவின் தொண்டைச் செருமல் வந்தது. “மருமகன், நாங்க எல்லாரும் நல்ல சுகம்...”

என் பாடம் சவூதிக்குப் போய்விட்டது.

உம்மாவிடம் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொன்னால் எல்லாம் வெளியில் வரும். மச்சான் என்ன நினைப்பார்? அடுத்த கசெட்டில் கேட்பார். கேட்டால் பதினாலு பேர் முன்னால் கேட்கும். ஆனாலும் காலையில் தேத்தண்ணியோடு போய் “வாப்பா, போம்?” என்று கேட்பதை மட்டும் நிறுத்தவில்லை. அந்த வியாழனும் அதற்கடுத்த வியாழன்களிலும் அவள் வரவில்லை. சோதனை நெருங்குகிறது, படிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மச்சானின் பதில் வந்தபோது கடைசித் திகதிக்கு நாலு நாள் இருந்தது.

வெள்ளிக்கிழமை. எல்லோரும் வந்தாயிற்று. நான் ராத்தாவின் அறைக்குள் அவளுக்குப் பின்னால் நின்றேன். “அஸ்ஸலாமு அலைக்கும் மாமா,” என்றது செட். வாப்பா செட்டைப் பார்த்து, “வஅலைக்குமுஸ்ஸலாம் மருமகன்” என்றார். உம்மா கதவடியிலிருந்து, “மெலிஞ்ச சத்தமா இரிக்கே” என்றா.

“மாமா, நீங்க அனுப்பின கசெட் கிடைச்சிச்சி. அதுல ஒங்கட சத்தமும் இல்ல, மாமிட சத்தமும் இல்ல. மொதல்ல ஒரு பாட்டு. பொறகு ஒரு புள்ள விஞ்ஞானம் வாசிக்கிது. சின்ன மச்சிக்கித்தான் வாசிக்கிது போல, ‘என்னகா, எழுதினயா’ எண்டு கேக்குது.”

வாப்பாவின் தலை மெல்ல எங்கள் அறைப் பக்கம் திரும்பியது. ராத்தா பின்னால் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“இஞ்ச நாங்க எட்டுப் பேர் ஒரு அறையில இரிக்கம். வேற ஊர்ச் சத்தம் ஒண்டும் இல்லாம அதத்தான் ஒவ்வொரு வெள்ளியும் போடுறம். இப்ப பச்சையம் எண்டா என்னண்டு எட்டுப் பேருக்கும் தெரியும். கடைசில ஒரு கணக்கு இரிக்கி மாமா. தொட்டி ஒண்ட மேல்குழாய் நாலு மணித்தியாலத்துல நிரப்புமாம், அடிக்குழாய் ஆறு மணித்தியாலத்துல வெறுமையாக்குமாம். ரெண்டையும் ஒண்டாத் திறந்தா எப்ப நிரம்பும்? விடை மத்தப் பக்கம் எண்டு அந்தப் புள்ள சொல்லுது. மத்தப் பக்கம் திருப்பினா ஒண்டும் இல்ல. இஞ்ச எட்டுப் பேருக்கும் எட்டு விடை. எங்களோட இரிக்கிற பைப் வேலைக்காரர் சொல்றார், அடிக்குழாயத் திறந்து வெச்சிட்டுத் தொட்டி நிரப்புறவன மொதல்ல வேலையால நிப்பாட்டணுமாம்.”

மாமாமார் சிரித்தார்கள். வாப்பா சிரிக்கவில்லை.

“மாமா, சின்ன மச்சிய சோதின எழுத விடுங்க. எங்க எட்டுப் பேருக்கும் அது சந்தோஷம். அந்த வாசிக்கிற புள்ளட காரியத்தையும் ஒருக்காக் கேட்டுப் பாருங்க, பாவம். மாமி, மாசி நல்லா இரிந்திச்சி...”

பிறகு வழமையான சுகம் விசாரிப்பு. பிறகு பாட்டு. அன்றைக்கு ஆம்பிளைகள் ஒருவரும் எழும்பவில்லை.

“புள்ள,” என்று வாப்பா கூப்பிட்டார். “கணக்குக்கு விடை என்ன?”

“பன்ரெண்டு மணித்தியாலம் வாப்பா.”

“எப்புடி?”

“ஒரு மணித்தியாலத்துல நாலுல ஒரு பங்கு ஏறும், ஆறுல ஒரு பங்கு இறங்கும். மிச்சம் பன்ரெண்டுல ஒரு பங்கு.”

“அப்ப நிரம்பத்தான் செய்யும்,” என்றார் ஒரு மாமா.

“நிரம்பும். பிந்தி, சுணங்கி நிரம்பும்,” என்றார் வாப்பா.

வாப்பா மனம் மாறினார் என்று நான் எழுதமாட்டேன். மருமகன் கேட்டு மாமனார் மறுப்பது எங்கள் பக்கத்தில் நடக்காத காரியம். அதுவும் வளவு முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும்போது. பதிலும் கசெட்டில்தான் போக வேண்டும். செட்டுக்கு முன்னால் இருந்து ‘பாப்பம்’ என்று பதிய முடியுமா? சட்டைப் பையிலிருந்து போமை எடுத்தார். இரண்டு மாதமாக அதைச் சட்டைக்குச் சட்டை மாற்றிக்கொண்டு திரிந்திருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவர் கையெழுத்துப் போட்டதைப் பதினாலு பேரும் பார்த்தார்கள்.

டிசம்பரில் உம்மா குடையைப் பிடித்துக்கொண்டு கூட வர, நான் சோதனை எழுதினேன். அவளைத் தேடினேன். ஒரு மண்டபத்திலும் இல்லை. நம்மில் ஒருத்தி, யாரென்று சொல்லமாட்டேன், “அவக்குப் படிக்க விருப்பமில்லையாம், விட்டிட்டாவாம்” என்றாள். உம்மாவும் வெளியில் அதையே கேள்விப்பட்டு வந்தா. எனக்கு வந்தது கவலை இல்லை, ஆத்திரம். என்னை எழுது எழுது என்று சொல்லிவிட்டு நீ வராமல் இருந்தாயா? ஒரு சொல் சொல்லியிருக்கலாமே? வெளியே போகக்கூடிய கால் உனக்குத்தானே இருந்தது? அடுத்த வருடம் அவர்கள் குடும்பம் திருக்கோவில் ஊர்ப் பக்கம் போய்விட்டது என்றார்கள். ரெக்கோடிங் பாரும் பூட்டியாயிற்று. அதற்குப் பிறகு தமிழர், முஸ்லிம் என்று நம் இரண்டு ஊருக்கும் நடுவில் என்னவெல்லாம் நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். அவள் வீடிருந்த தெருப் பக்கமே நான் பல வருடம் போகவில்லை. நான் படித்தேன், ரீச்சரானேன், முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்கு ஒளித்தொகுப்பு படிப்பித்தேன். மச்சான் லீவில் வந்தபோது அந்தப் பாடக் கசெட்டைத் திருப்பிக் கொண்டுவந்து தந்தார். ஆத்திரத்தில் நான் அதைத் தொடவில்லை, ராத்தா எடுத்து வைத்துக்கொண்டாள்.

மச்சான் மௌத்தாகிப் பதினொரு வருடம். இந்த வருடம் ராத்தா தன் அலுமாரியை ஒதுக்கும்போது ஒரு பிஸ்கட் டின்னை என்னிடம் தந்தாள். உள்ளே இரண்டு கசெட். ஒன்று என் பாடம். மற்றது மச்சானின் அந்த வெள்ளிக்கிழமைப் பதில். கடைசி இரண்டு பாட்டுக்காக அதை மட்டும் யாரும் மேலே பதியாதபடி ஒளித்து வைத்திருக்கிறாள். என் மகன் பழைய செட் ஒன்றைத் திருத்தி எடுத்துத் தந்தான்.

பாடத்தைப் போட்டேன். பாட்டு, விஞ்ஞானம், கணக்கு. “விடை மத்தப் பக்கம். அவ்வளவுதான்.” விரல் தன்பாட்டில் பட்டனுக்குப் போனது. பிறகுதான் நினைத்தேன், இப்போது கரண்டில் ஓடுகிறது, ஏன் நிறுத்த வேண்டும்? விட்டேன். இரைச்சல். கதிரை இழுபடும் சத்தம். தூரத்தில் அவள் அண்ணன்.

“உன்ட போமைக் குடுக்க வீட்டில விடல்ல. அம்மாவுக்கு எழும்ப ஏலாது, நீ வீட்டோட நிக்கணும் எண்டாச்சு. பிறகு என்னத்துக்கு இப்பிடித் தொண்டை கிழிய வாசிக்கிறாய்?”

“அவள் எழுதட்டும் அண்ணா. ரெண்டு பேரில ஒராள் எண்டாலும் எழுதணும்.”

“மத்தப் பக்கம்?”

“நாளைக்கு வந்து வாசிக்கிறன்.”

அதற்குப் பிறகு ‘டக்’ என்று நின்றது.

அன்றைக்கு அந்தக் கசெட் ஆறு நாள் என் கையில் இருந்தது. பாடத்தை இருபது தரம் கேட்டிருப்பேன். இருபது தரமும் ‘அவ்வளவுதான்’ என்ற சொல்லில் நிறுத்தினேன். பெற்றரியை மிச்சம் பிடிக்கத்தான். சவூதியில் கரண்ட் இருந்த எட்டுப் பேர் முடியும்வரை ஓடவிட்டுக் கேட்டிருக்கிறார்கள். அதனால்தான் மச்சான் ‘அந்தப் புள்ளட காரியத்தையும் கேட்டுப் பாருங்க’ என்றார். டின்னில் இருந்த மற்றக் கசெட்டையும் போட்டுப் பார்த்தேன். அந்த வசனம் தெளிவாக இருக்கிறது. அன்றைக்குப் பதினாலு பேர் அதைக் கேட்டோம். என் காரியம் முடிந்த சந்தோஷத்தில் நானும் கேட்டேன். ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. பிறகு ஒரு வாழ்நாள் முழுக்க நான் அவளோடு கோபமாக இருந்தேன். வெட்கமாக இருக்கிறது, இதை உங்களுக்கு எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஆகவே என் சிபாரிசு இதுதான். உங்கள் அலுமாரியில் என்ன கசெட் கிடந்தாலும் எடுத்துப் போடுங்கள். பாட்டு முடிந்த பிறகும் விட்டு வையுங்கள்.

அவள் இப்போது திருக்கோவிலில்தான் இருக்கிறாள், பேரப்பிள்ளைகளோடு. நாலு பேரிடம் விசாரித்து வீட்டை அறிந்துகொண்டேன். இந்தச் சனிக்கிழமை முதல் பஸ்ஸில் போகிறேன், உங்களில் வருகிறவர்கள் வரலாம். போகுமுன் ஒரு வேலை பாக்கி இருந்தது. பாடக் கசெட்டின் மறுபக்கம் இத்தனை வருடமும் வெறுமையாகவே கிடந்தது. நேற்று அதைத் திருப்பிப் போட்டு, இரண்டு பட்டனையும் ஒன்றாக அமத்திப் பதிந்தேன்.

“என்னகா, கேக்குதா? விடை பன்ரெண்டு மணித்தியாலம். நல்லாச் சுணங்கிப் போச்சி. உன்ட போமுக்கு என்ன நடந்த எண்டு கேக்க வாறன்.”

‘அவ்வளவுதான்’ என்று நான் சொல்லவில்லை. நாடா முடியும் வரை ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.